நிபந்தனைக்கு உட்பட்ட உச்ச மதிப்பு: மஞ்சள் விலைப் பதிவேட்டில் ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்

கொடுமுடிக் கணக்கர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் பயிரிடும் எங்கள் உழவர் குழுவுக்கு நான் கணக்கு எழுதிவருகிறேன். உறுப்பினர்கள் ஈரோடு, பெருந்துறை, கோபி ஆகிய ஊர்களில் ஏலத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரி வீதம் விரிதாளில் பதிவு செய்கிறோம். ஏ நெடுவரிசையில் நாள், பி-யில் ஊர், சி-யில் ரகம், டி-யில் லாட் எண், இ-யில் குவிண்டால் விலை என்பது எங்கள் அமைப்பு. ரகம் என்றால் விரலி அல்லது கிழங்கு, அவ்வளவுதான். தலைப்பு வரி நீங்கலாக 1,200 வரிகள் இருக்கின்றன. சார்புகளின் (ஃபங்ஷன்களின்) பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். தாளில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும் என்பது இங்கே அனைவருக்கும் தெரிந்ததே.

பெருந்துறையில் விரலிக்கு இந்தப் பருவத்தில் கிடைத்த அதிகபட்ச விலை என்ன என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அடுத்த லோடை எங்கே இறக்குவது என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் கூகுள் ஷீட்ஸில், நிபந்தனை பொருந்தும் வரிகளில் மட்டும் மிகப் பெரிய எண்ணைத் தேடும் பின்வரும் சூத்திரத்தை இட்டேன்:

=மேக்ஸ்இஃப்ஸ்(இ2:இ1201, பி2:பி1201, "பெருந்துறை", சி2:சி1201, "விரலி")

விடை 14,209 என்று வந்தது. அதையே அவரிடம் சொன்னேன். மறுநாள் அவர் தம் ஏலச் சீட்டை எடுத்துவந்து மேசைமீது வைத்து, "என்ர சீட்டுல பதினஞ்சாயிரத்து முந்நூத்திச் சொச்சம் போட்டிருக்குதுங்க, உங்க கணக்குல ஆயிரம் ரூவா எங்க போச்சுங்க?" என்று கேட்டார். சீட்டில் 15,386 என்று தெளிவாக இருந்தது. எங்கள் தாளிலும் அந்த வரி இருக்கிறது. ஊரும் ரகமும் சரியாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் சூத்திரம் அதை ஏன் எடுக்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. அலுவலகக் கணினியில் சரிபார்க்கலாம் என்று பார்த்தால், அங்குள்ள எக்செல் 2016 இதே சூத்திரத்துக்கு #நேம்? என்ற பிழையைத்தான் காட்டுகிறது. தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பெருந்துறைக்காரர் எழுதியது:

இரண்டாவது சிக்கலுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது எளிது. மேக்ஸ்இஃப்ஸ் என்ற சார்பு, ஒரே தவணையில் வாங்கும் எக்செல் பதிப்புகளில் 2019இலிருந்துதான் இருக்கிறது. சந்தா முறையில் வரும் 365-லும், லிப்ரேஆபிஸ் கால்க்கில் 5.2 பதிப்பிலிருந்தும், கூகுள் ஷீட்ஸிலும் அது உண்டு. உங்கள் 2016 பதிப்புக்கு அந்தப் பெயரே தெரியாது என்பதால்தான் #நேம்? வருகிறது. சூத்திரத்தில் தவறு எதுவும் இல்லை.

2016இல் இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி இது:

=மேக்ஸ்(இஃப்(பி2:பி1201="பெருந்துறை", இஃப்(சி2:சி1201="விரலி", இ2:இ1201)))

இதைத் தட்டி முடித்ததும் என்டரை மட்டும் அழுத்தினால் சரியாக வேலை செய்யாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். அழுத்தினால் சூத்திரத்தின் இருபுறமும் நெளி அடைப்புக்குறிகள் தாமாக வந்து நிற்கும். பிறகு யாராவது அந்தக் கட்டத்தைத் திருத்திவிட்டு வெறும் என்டரை அழுத்தினால் குறிகள் மறைந்து விடை பிழையாகிவிடும் என்பதால், பலர் கைவைக்கும் தாளில் இதை நான் பயன்படுத்துவதில்லை. 2010 பதிப்பில் வந்த அக்ரிகேட்டை நம்பலாம்:

=அக்ரிகேட்(14, 6, இ2:இ1201/((பி2:பி1201="பெருந்துறை")*(சி2:சி1201="விரலி")), 1)

14 என்பது பெரிய மதிப்புகளை வரிசையில் எடுக்கும் லார்ஜ் சார்பைக் குறிக்கிறது; 6 என்பது பிழைகளைப் பொருட்படுத்தாதே என்ற கட்டளை; இறுதியில் உள்ள 1 முதலாவது பெரிய மதிப்பு. நிபந்தனை பொருந்தாத வரியில் வகுக்கும் எண் சுழியாகி #டிவ்/0! பிழை வரும், அதை 6 விலக்கிவிடும், பொருந்திய வரிகளின் விலை மட்டும் எஞ்சும். சாதாரண என்டரே போதும். கடைசி 1-ஐ 2 ஆக்கினால் இரண்டாவது உச்ச விலையும் கிடைக்கும். மேக்ஸ்இஃப்ஸ் இதைச் செய்யாது.

கொடுமுடிக் கணக்கர் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. இரண்டையும் அலுவலகத்தில் செய்து பார்த்தேன். குழப்பம் தீரவில்லை, கூடியிருக்கிறது. நெளி அடைப்புக்குறி வழி 14,209 என்கிறது, அதாவது கூகுள் ஷீட்ஸ் சொன்ன அதே எண். அக்ரிகேட் 15,119 என்கிறது. பெரியவரின் சீட்டிலோ 15,386. ஒரே தாள், ஒரே நிபந்தனை, மூன்று விடைகள். இதில் எதை நம்பி நான் அவருக்குப் பதில் சொல்வது?

கோவைப் பயிற்றுநர் எழுதியது:

மூன்றில் எதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு சூத்திரங்கள் வேறுபட்டது உங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் காரணம் வெளிப்படும்.

இ நெடுவரிசையில் உள்ள சில விலைகள் எண்களாக இல்லை, எண்ணைப் போலத் தோன்றும் எழுத்துகளாக இருக்கின்றன. மேக்ஸ்இஃப்ஸும், மேக்ஸும் இஃப்பும் சேர்ந்த பழைய வழியும், எழுத்தாக இருக்கும் மதிப்பை எந்தச் சத்தமும் இல்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை காட்டாது, எச்சரிக்கையும் தராது. மீதமுள்ளவற்றில் பெரியதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அக்ரிகேட்டில் நாம் வகுத்தல் செய்கிறோம் அல்லவா? எழுத்தாக இருக்கும் "15119" என்பதை வகுக்க முற்படும்போது எக்செல் அதை எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் மேக்ஸ்இஃப்ஸ் தவறவிட்ட 15,119 அக்ரிகேட்டின் கையில் சிக்கியது.

அப்படியானால் 15,386 எங்கே போயிற்று? அந்தக் கட்டத்தில் எண்ணாக மாற்றவே முடியாத ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது என்று கருதுகிறேன். வகுக்கும்போது #வேல்யூ! பிழை வந்திருக்கும், பிழைகளைப் பொருட்படுத்தாதே என்று நாமே 6-ஐக் கொடுத்திருப்பதால், அக்ரிகேட் அந்த வரியையும் நிபந்தனை பொருந்தாத வரிகளோடு சேர்த்து ஒதுக்கிவிட்டது. அக்ரிகேட் இங்கே மேலும் ஒரு படி ஏறியது, ஆனால் உச்சியை எட்டவில்லை. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்: அக்ரிகேட் பெரிய எண்ணைத் தந்தது என்பதற்காக அதைச் சரியான விடை என்று எடுத்துக்கொண்டிருந்தால், பெரியவரின் சீட்டு இல்லாத நிலையில் 15,119-ஐ உச்ச விலை என்று நீங்கள் எழுதியே வைத்திருப்பீர்கள்.

முதலில் ஒரு காலிக் கட்டத்தில் இதை இடுங்கள்:

=கவுண்ட்ஏ(இ2:இ1201)-கவுண்ட்(இ2:இ1201)

முதல் சார்பு ஏதாவது இருக்கும் கட்டங்களை எல்லாம் எண்ணும். இரண்டாவது எண் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணும். வித்தியாசம் 0 ஆக இருந்தால்தான் மேக்ஸ்இஃப்ஸின் விடையைப் பற்றி மேற்கொண்டு பேசவே முடியும். 0 இல்லையென்றால், எஃப்2-இல் =இஸ்டெக்ஸ்ட்(இ2) என்று இட்டுக் கீழே இழுத்து, ட்ரூ என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கட்டத்தின் இடது மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தாலும் அதே பொருள்தான். ஆனால் எழுத்து முழுக்க எண்ணைப் போல இருந்தால்தான் அந்த முக்கோணம் வரும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கொடுமுடிக் கணக்கர் எழுதியது:

வித்தியாசம் 63 என்று வந்தது. ஆயிரத்து இருநூறு வரிகளில் அறுபத்து மூன்று விலைகளை நான் இந்தப் பருவம் முழுவதும் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்திருக்கிறேன் என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது. எக்செல் எண்களை வலப்புறமும் எழுத்துகளை இடப்புறமும் ஒதுக்கிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அச்செடுக்கும்போது அழகாக இருக்கட்டும் என்று நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தோம். அதனால் அந்த அடையாளம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

வடிகட்டிப் பார்த்ததில் 63இல் 49 வரிகள் கைப்பேசிச் செய்திகளிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. அவற்றில் 15,119-உம் ஒன்று. மீதி 14 வரிகளில் விலைக்குப் பின்னால் சாய்கோடும் சிறு கோடும் இருக்கின்றன. பெரியவரின் லாட் "15386/-" என்று பதிவாகியிருக்கிறது. ரசீதுப் புத்தகத்தில் தொகையை எழுதி, பின்னால் யாரும் இலக்கம் சேர்க்காமல் இருக்க /- போட்டு முடிக்கும் பழக்கம் எங்கள் கை எல்லாவற்றிலும் ஊறிப்போன ஒன்று. பதிவு செய்த தம்பி அதே பழக்கத்தைக் கட்டத்துக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார். இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டாமல் திருத்த வழி உண்டா?

பெருந்துறைக்காரர் எழுதியது:

உண்டு. அந்த 14-க்கும், இ நெடுவரிசையைத் தேர்ந்துகொண்டு, கண்ட்ரோலும் எச்சும் அழுத்தி வரும் பெட்டியில் /- என்பதைத் தேடச் சொல்லி, மாற்றுக் கட்டத்தைக் காலியாக விட்டு, அனைத்தையும் மாற்று என்று கொடுத்தால் போதும். மற்ற 49-க்கு, அதே நெடுவரிசையைத் தேர்ந்துகொண்டு டேட்டா பட்டியலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுங்கள். எழுத்தாக இருந்த எண்கள் எண்ணாகிவிடும். பிறகும் கோவை அண்ணா சொன்ன கழித்தல் 0-க்கு வராவிட்டால், செய்தியிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் 160 என்ற குறியெண் கொண்ட இடைவெளிதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் சார்பு அதை நீக்காது. எஃப் நெடுவரிசையில் =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(இ2, சார்(160), "")) என்று இட்டு, வந்த மதிப்புகளை மட்டும் இ-யின் மேல் ஒட்டிவிடுங்கள்.

கரூர் வாசகர் எழுதியது:

இவ்வளவு சூத்திரங்கள் எதற்கு என்று கேட்கிறேன். ஊரை வரிசையிலும் ரகத்தை நெடுவரிசையிலும் விலையை மதிப்பிலும் வைத்து ஒரு பைவட் அட்டவணை (வரிகளைத் தானே தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு, கூட்டுத்தொகை என்பதை மேக்ஸ் என்று மாற்றிவிட்டால், மூன்று ஊர், இரண்டு ரகம், ஆறு உச்ச விலைகளும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். 2016இலும் இது உண்டு.

கோவைப் பயிற்றுநர் எழுதியது:

கரூர் நண்பர் சொல்வது சரியான வழிதான்; எல்லா ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் எழுத்தாக இருக்கும் விலையைப் பைவட்டும் தாண்டித்தான் போகும் என்பதால், கணக்கர் முதலில் தாளைச் சுத்தம் செய்யாமல் அதைப் போட்டிருந்தாலும் 14,209தான் வந்திருக்கும். ஒரு நன்மை உண்டு: விலையை மதிப்புப் பகுதிக்கு இழுத்ததும் எக்செல் கூட்டுத்தொகைக்குப் பதிலாக எண்ணிக்கையைக் காட்டினால், அந்த நெடுவரிசையில் எழுத்தோ காலிக் கட்டமோ கலந்திருக்கிறது என்று பொருள். பலர் அதை எரிச்சலோடு மாற்றிவிட்டுப் போகிறார்கள். அங்கே நின்று பார்க்க வேண்டும். மேலும், சூத்திரத்தின் வரம்புக்குள் புதிய வரி சேர்த்தால் விடை உடனே மாறும், பைவட்டை நாம்தான் புதுப்பிக்க வேண்டும். ஏல நாளில் தொலைபேசியில் கேட்பவருக்குப் பதில் சொல்லும் இடத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேக்ஸ்இஃப்ஸில் விலை வரம்பும் நிபந்தனை வரம்பும் ஒரே அளவாக இல்லாவிட்டால் #வேல்யூ! வரும், அது நல்லதே. அளவு ஒன்றாக இருந்து தொடக்கம் மட்டும் பிசகினால், அதாவது இ2:இ1201 என்பதற்கு எதிரே சி1:சி1200 என்று எழுதிவிட்டால், பிழையே வராது. ஒவ்வொரு விலையும் மேல் வரியின் ரகத்தோடு பொருத்தப்பட்டு, பார்க்கச் சரியாகத் தோன்றும் ஓர் எண் வந்து நிற்கும். பொருந்தும் வரியே இல்லாவிட்டாலும் மேக்ஸ்இஃப்ஸ் 0 என்றுதான் சொல்லும். கோபியில் இந்தப் பருவத்தில் கிழங்கு விற்கவே இல்லை என்பதும், விலை 0 என்பதும் ஒன்றல்ல. எனவே நான் இப்படி எழுதுவேன்:

=இஃப்(கவுண்ட்இஃப்ஸ்(பி2:பி1201, "கோபி", சி2:சி1201, "கிழங்கு", இ2:இ1201, ">0")=0, "விற்பனை இல்லை", மேக்ஸ்இஃப்ஸ்(இ2:இ1201, பி2:பி1201, "கோபி", சி2:சி1201, "கிழங்கு"))

2016இன் அக்ரிகேட் இதே நிலையில் #நம்! பிழை காட்டும்; 0-வைவிட அது நேர்மையான பதில் என்பது என் கருத்து.

கோபி ஆசிரியை எழுதியது:

நான் இதே வேலையை மதிப்பெண் பட்டியலில் செய்துவருகிறேன், அதனால் ஒரு சந்தேகமும் ஓர் அனுபவமும். அனுபவத்தை முதலில் சொல்கிறேன். ஆ பிரிவில் கணக்குப் பாடத்தில் அதிக மதிப்பெண் 98 என்று மேக்ஸ்இஃப்ஸில் எடுத்துக்கொண்டு, அதை எடுத்த மாணவி யார் என்று அறிய மேட்ச் சார்பில் 98-ஐத் தேடினேன். வந்த பெயர் அ பிரிவு மாணவனுடையது, ஏனென்றால் பட்டியலில் அவன் மேலே இருக்கிறான், அவனும் 98 எடுத்திருக்கிறான். மேட்ச் முதலில் கண்ட 98-இலேயே நின்றுவிட்டது. பிரிவு என்ற நிபந்தனையை உச்சத்தைக் காண்பதில் மட்டும் வைத்து, ஆளைக் காண்பதில் வைக்காமல் விட்டது என் தவறு. கொடுமுடி ஐயா எந்த லாட் என்று தேடும்போதும் இதே இடத்தில் தடுமாற வாய்ப்பு உண்டு. ஜி2-இல் உச்ச விலை இருக்கிறது என்றால் இப்படித் தேட வேண்டும்:

=இண்டெக்ஸ்(டி2:டி1201, மேட்ச்(1, (பி2:பி1201="பெருந்துறை")*(சி2:சி1201="விரலி")*(இ2:இ1201=ஜி2), 0))

2016இல் இதற்கும் மூன்று விசைகள் வேண்டும். சந்தேகம் இதுதான்: இருவர் ஒரே உச்ச மதிப்பெண் எடுத்திருந்தால் இருவர் பெயரும் எப்படி வரும்?

பெருந்துறைக்காரர் எழுதியது:

வணக்கம் டீச்சர். 365-லும் 2021 பதிப்பிலும் கூகுள் ஷீட்ஸிலும் ஃபில்டர் சார்பு இருக்கிறது, லிப்ரேஆபிஸில் 24.8 முதல் வந்திருக்கிறது. முதல் இடத்தில் தாள் முழுவதையும் ஏ2:இ1201 என்று கொடுத்து, இரண்டாவது இடத்தில் நீங்கள் மேட்ச்சில் பெருக்கிய அதே மூன்று நிபந்தனைகளைக் கொடுத்தால், பொருந்தும் வரிகள் அனைத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும். பழைய பதிப்பில், வடிகட்டியில் மூன்றையும் தேர்ந்து கண்ணால் பார்ப்பதே குறைந்த உழைப்பு.

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியது:

உச்ச மதிப்பு என்றதும் விலையையும் மதிப்பெண்ணையும் மட்டும் நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நாங்கள் பின்னலாடைப் பிரிவில், ஒவ்வொரு நூல் வியாபாரியிடமிருந்தும் கடைசியாகச் சரக்கு வந்த நாள் எது என்பதை மேக்ஸ்இஃப்ஸில்தான் எடுக்கிறோம். விரிதாளுக்கு நாள் என்பது உள்ளே ஓர் எண் என்பதால், மிகப் பெரிய எண்ணே மிக அண்மைய நாள். விடைக் கட்டத்தை நாள் வடிவத்துக்கு மாற்றாவிட்டால் 45 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் தெரியும், அஞ்ச வேண்டாம். சரக்கே வராத வியாபாரிக்கு விடை 0 ஆகி, எக்செல்லில் 00-01-1900 என்று நிற்கும்.

நம் ஊரில் நாளை 13.02.2025 என்று புள்ளி வைத்து எழுதுவதே வழக்கம். நம் கணினிகளில் எக்செல் பெரும்பாலும் அதை நாளாக ஏற்காமல் எழுத்தாகவே வைத்துக்கொள்கிறது. விலையில் /- செய்த வேலையை நாளில் இந்தப் புள்ளி செய்யும். கணக்கர் ஏ நெடுவரிசையிலும் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பது நல்லது; ஏனெனில் ஏப்ரல் 1 முதல் என்று ">="&டேட்(2025,4,1) என்ற நிபந்தனையைச் சேர்க்கும் நாளில், எழுத்தாக உள்ள நாள்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கொடுமுடிக் கணக்கர் எழுதியது:

நேற்று மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்து முடித்தேன். /- நீக்கியதும், டெக்ஸ்ட் டு காலம்ஸ் கொடுத்ததும், கழித்தல் 63இலிருந்து 2-க்கு வந்தது. அந்த இரண்டும் 160 இடைவெளி கொண்டவை, பெருந்துறை அண்ணா சொன்னபடியே. இப்போது 0. திருப்பூர் நண்பர் சொன்னதால் ஏ நெடுவரிசையைப் பார்த்தேன், அங்கே 31 நாள்கள் புள்ளியோடு எழுத்தாக இருந்தன, அவற்றையும் திருத்திவிட்டேன்.

இதற்கிடையில் யாரும் சொல்லாத இன்னொன்றையும் கண்டேன். சி நெடுவரிசையில் ஏழு வரிகளில் "விரளி" என்று இருக்கிறது. எண்ணுக்கு கவுண்ட் இருப்பதுபோல எழுத்துப்பிழைக்குச் சார்பு எதுவும் இல்லை. ரகத்தை மட்டும் தனியே எடுத்து, திரும்ப வருபவற்றை நீக்கிப் பார்த்தபோதுதான் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நின்றன. "விர*" என்று நட்சத்திரக் குறியை வைத்து மேக்ஸ்இஃப்ஸைச் சமாளித்திருக்கலாம்; அக்ரிகேட்டில் சமக்குறி நட்சத்திரத்தை ஏற்காது என்பதால் இரண்டும் மீண்டும் வேறுபடும் என்று அஞ்சி, பிழையையே திருத்திவிட்டேன். இனி ஊரும் ரகமும் கட்டத்தில் தட்டப்படாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும்படி டேட்டா வேலிடேஷன் வைத்திருக்கிறேன். விலைக் கட்டத்தில் எண் தவிர வேறு எதையும் தட்டினால் ஏற்காது. செய்தியிலிருந்து ஒட்டுவதை அது தடுக்காது என்பதைச் சோதித்துப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எனவே கழித்தல் சூத்திரத்தை ஜி1-இல் நிரந்தரமாக வைத்து, 0 அல்லாத எண் வந்தால் கட்டம் சிவப்பாக மாறும்படி செய்திருக்கிறேன்.

மூன்று வழிகளும் இப்போது ஒரே விடையைத் தருகின்றன: பெருந்துறை, விரலி, 15,386. பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் சீட்டுதான் சரி, தவறு எங்கள் பதிவில் இருந்தது என்று சொன்னேன். ஈரோட்டில் இந்தப் பருவத்தின் உச்சம் எவ்வளவு என்று கேட்டார். அதையும் பார்த்துச் சொன்னேன். அதற்கு முன் ஜி1-ஐ ஒருமுறை பார்த்துக்கொண்டேன். லோடைப் பெருந்துறைக்கே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.